பரிசு வாங்காத பிள்ளை என்ன முடிவுக்கு வருகிறது?

கேள்வி: நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். ஆண்டு விழாப் பரிசுப் பட்டியலை இந்த முறை நான்தான் தயாரிக்க வேண்டும். வழக்கமான ரேங்க் பரிசுகளோடு, வருகை குறைந்துகொண்டே போவதால் 'நூறு சதவீத வருகை' விருது ஒன்றையும் சேர்க்கச் சொல்கிறார் தலைமை ஆசிரியர். இதற்கிடையில், என் வகுப்பில் 13 வயதுப் பையன் ஒருவன், நன்றாகக் கேள்வி கேட்பவன், வீட்டுப்பாடம் எழுதுவதையே நிறுத்திவிட்டான். கேட்டால், "பரிசு வாங்குறவங்களுக்குத்தான் மிஸ் படிப்பெல்லாம்" என்கிறான். பரிசுகளை அடியோடு நிறுத்த முடியாது. சில பரிசுகள் முன்னாள் மாணவர்கள் நிதி வைத்துக் கொடுப்பவை. எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது? அந்தப் பையனிடம் என்ன சொல்வது?
— ஓர் ஆசிரியை

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தப் பையன் சொன்னதை விரக்தி என்று தள்ளிவிடாதீர்கள். உங்கள் பள்ளியின் பரிசுப் பட்டியலை அவன் சரியாகவே படித்திருக்கிறான். பரிசு தருகிறவர்கள் மேடைக்கு வரும் பிள்ளையை மட்டும் மனதில் வைத்துத் திட்டமிடுகிறார்கள். ஆனால் அந்தப் பரிசைப் பார்த்து முடிவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கீழே உட்கார்ந்திருப்பவர்கள். "இந்தப் பள்ளி எதைப் பெரிதாக நினைக்கிறது, அது என்னிடம் இருக்கிறதா" என்பதை அவர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஒரு மணி நேரம் கைதட்டிக்கொண்டே தெரிந்துகொள்கிறார்கள்.

கணக்காகப் பாருங்கள். 40 பேர் உள்ள வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். மூன்று ரேங்க், ஐந்து பாடங்களில் முதலிடம், 'சிறந்த மாணவர்' ஒன்று என 9 பரிசுகள். ரேங்க் வாங்கியவர்களே பாடப் பரிசுகளில் பெரும்பகுதியையும் வாங்குவார்கள் என்பதால் இந்த ஒன்பதும் நாலைந்து பேரிடம் போய்ச் சேரும். மீதி 35 பேர் பார்வையாளர்கள். அடுத்த ஆண்டும் ஏறத்தாழ அதே பெயர்கள்தான். ஒருமுறைகூட மேடை ஏறாத பிள்ளை எட்டாம் வகுப்புக்கு வருவதற்குள் இப்படி ஏழு விழாக்களில் உட்கார்ந்து எழுந்திருக்கும்.

ஏழு விழாக்கள் ஒரு பிள்ளையின் மனதில் என்ன செய்கின்றன என்பதற்கு, ஜாக்குலின் எக்கிள்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1983-இல் முன்வைத்த விளக்கம் இன்றும் உதவுகிறது. ஒரு பிள்ளை முயற்சி எடுக்குமா என்பது இரண்டு கேள்விகளைப் பொறுத்தது. ஒன்று, 'என்னால் முடியுமா?' மற்றொன்று, 'முடிந்தால்தான் எனக்கென்ன?' இரண்டாவது கேள்விக்குள் நான்கு சங்கதிகள் இருக்கின்றன: அந்த வேலையே பிடித்திருப்பது, அதனால் கிடைக்கும் பயன், 'நான் இப்படிப்பட்ட ஆள்' என்ற அடையாளத்தோடு அது பொருந்துவது, அதற்காகக் கொடுக்க வேண்டிய விலை, அதாவது நேரம், பதற்றம், தோற்றால் வரும் அவமானம். ரேங்க் பரிசு முதலில் தொடுவது மூன்றாவதையும் நான்காவதையும்தான். 'படிப்பவன்' என்ற அடையாளம் நாலைந்து பேருக்குப் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டுவிடுகிறது. மற்றவர்களுக்கு முயற்சியின் விலை ஏறிவிடுகிறது, ஏனென்றால் முயன்றும் கிடைக்காமல் போவது முயலாமல் கிடைக்காமல் போவதைவிட வலிக்கும்.

அப்போது பிள்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே வழிதான் உண்டு. அந்தப் பொருளையே மட்டமாக்குவது. 'என்னால் முடியவில்லை' என்பதைவிட 'இது எனக்குத் தேவையில்லை' என்பது தாங்கக்கூடியது. உங்கள் மாணவன் இப்போது நிற்பது இந்த இடத்தில். சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொண்டு கண்டித்தால் அவன் முடிவு இன்னும் கெட்டிப்படும்.

பட்டியலைத் தொடும் முன் இரண்டு வேலைகள் செய்யுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகாது.

முதலாவது, பழைய பட்டியல். கடந்த மூன்று ஆண்டுகளின் பரிசுப் பதிவேட்டை எடுத்து, பரிசின் பெயருக்கு எதிரே பிள்ளையின் பெயரை எழுதாமல், பிள்ளைக்கு எதிரே பரிசுகளை எழுதுங்கள். வழக்கமான பட்டியல் பரிசுவாரியாக இருப்பதால் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படாது. புரட்டிப் போட்டால் பட்டென்று தெரியும். பிறகு ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இரண்டு விவரம் சேருங்கள்: பிறந்த மாதம், பள்ளிக்கு வெளியே தனிப் பயிற்சிக்குப் போகிறதா என்பது. ஒரே வகுப்பில் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் கிட்டத்தட்ட 12 மாத வித்தியாசம் இருக்கலாம். ஆறு வயதில் அது பிள்ளை வாழ்ந்த காலத்தில் ஆறில் ஒரு பங்கு. கீழ் வகுப்புகளின் பரிசுப் பட்டியலில் சேர்க்கைத் தேதியை ஒட்டி முதலில் பிறந்தவர்கள் அதிகம் இருந்தால், பள்ளி பரிசு கொடுத்தது வயதுக்கு. நீங்கள் அதைத் திறமை என்று படித்திருக்கிறீர்கள். கெடுதல் என்னவென்றால், பிள்ளைகளும் அப்படியே படித்திருக்கிறார்கள்.

இரண்டாவது, பிள்ளைகளிடமே கேட்பது. பெயர் எழுதாத தாள், நான்கு கேள்விகள், பத்து நிமிடம்:

'இந்தப் பள்ளி எப்படிப்பட்ட பிள்ளையைப் பார்த்துப் பெருமைப்படுகிறது?'

'போன மாதம் கற்றுக்கொண்டதில் உனக்கே பிடித்தது எது?'

'இனிமேல் எதற்கும் பரிசும் மார்க்கும் இல்லை என்று சொல்லிவிட்டால், எதைத் தொடர்ந்து கற்றுக்கொள்வாய்?'

'இந்த ஆண்டு உனக்குப் பரிசு கிடைக்க வாய்ப்பு இருக்கிறதா? ஏன் அப்படி நினைக்கிறாய்?'

தாள்களை வகுப்பாசிரியர் வாங்கக் கூடாது. கையெழுத்து தெரியும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். வேறு வகுப்பு ஆசிரியர் வாங்கி, மொத்தமாகக் கலைத்துத் தரட்டும். 'நன்றாக எழுதுங்கள்' என்ற சொல்லே வாயில் வரக் கூடாது, வந்தால் கட்டுரைப் போட்டிப் பதில்கள்தான் கிடைக்கும்.

முதல் கேள்விக்கு 'நல்ல மார்க் வாங்குறவங்க' என்று எத்தனை பேர் எழுதினார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம் நான்காவது கேள்வியின் 'ஏன்'. அதற்கு வரும் பதில்களை மூன்று குவியலாகப் பிரிக்கலாம். 'நான் இன்னும் நன்றாகச் செய்தால் கிடைக்கும்' என்பது ஒன்று. 'எனக்கு மூளை இல்லை' அல்லது 'நான் இயல்பாகவே கெட்டிக்காரன்' என்பது இரண்டாவது. இரண்டும் ஒரே குவியல்தான், மாற்ற முடியாதது என்று பிள்ளை நம்புகிறது. 'டீச்சருக்குப் பிடித்தவங்களுக்குத்தான்' என்பது மூன்றாவது. இரண்டாவது குவியல் பெரிதாக இருந்தால் பரிசின் அளவுகோலை மாற்ற வேண்டும். மூன்றாவது பெரிதாக இருந்தால் அளவுகோலைத் தொடும் முன் தேர்வு முறையை வெளிப்படையாக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்தப் புதிய பரிசையும் பிள்ளைகள் நம்பப் போவதில்லை.

இனி அந்த வருகை விருது. என் கருத்து நேரடியானது: சேர்க்காதீர்கள். தலைமை ஆசிரியரிடம் சொல்ல உங்களுக்கு ஒரு வலுவான ஆதாரம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 14 பள்ளி மாவட்டங்களைச் சேர்ந்த 15,329 மாணவர்களைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு 2021-இல் வெளியானது. ஏற்கெனவே ஏதோ ஒரு மாதம் முழுதாக வந்த மாணவர்கள் இவர்கள். ஒரு பிரிவுக்கு, 'வரும் பிப்ரவரியில் ஒரு நாளும் தவறாமல் வந்தால் விருது' என்று முன்கூட்டியே கடிதம். இன்னொரு பிரிவுக்கு, முன்பு முழுதாக வந்ததற்காக எதிர்பாராத விருது. மூன்றாம் பிரிவுக்கு எதுவும் இல்லை. முன்கூட்டியே சொன்ன விருதால் அந்த மாத வருகையில் மாற்றமே இல்லை. எதிர்பாராமல் விருது பெற்றவர்களின் வருகையோ அடுத்த மாதம் குறைந்தது; அவர்கள் வராத நாட்கள் சுமார் 8 சதவீதம் கூடின.

ஏன் குறைந்தது என்பதில்தான் உங்களுக்கான பாடம் இருக்கிறது. விருது வந்ததும் பிள்ளைகள் இரண்டு விஷயங்களை ஊகித்துக்கொண்டார்கள்: 'மற்றவர்களைவிட நான் அதிகமாக வந்திருக்கிறேன்', 'பள்ளி எதிர்பார்த்ததற்கும் மேலேயே செய்துவிட்டேன்'. தினமும் வருவதுதான் இயல்பு என்ற எண்ணம் போய், அது விதிவிலக்கு, அதற்குத் தனியாகப் பாராட்டு உண்டு என்ற எண்ணம் வந்தது. பள்ளி சொல்ல நினைத்தது ஒன்று, பிள்ளையின் காதில் விழுந்தது வேறு.

இதற்கு மேல், நூறு சதவீதம் என்ற அளவுகோலுக்கே ஒரு ஓட்டை உண்டு. ஆண்டின் இரண்டாம் வாரத்தில் காய்ச்சலில் ஒரு நாள் விடுப்பு எடுத்த பிள்ளைக்கு, மீதி ஆண்டு முழுவதும் அந்த விருதால் ஒரு பயனும் இல்லை. ஆஸ்துமா உள்ள பிள்ளை, தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருக்க நேர்ந்த பிள்ளை எல்லாம் தொடக்கத்திலேயே வெளியே. சிலர் காய்ச்சலோடு வந்து பக்கத்து பெஞ்சுக்கும் கொடுப்பார்கள். வருகை குறைகிறது என்றால், வராத பிள்ளைகளின் பட்டியலை வாரத்தின் எந்த நாள், எந்தப் பாடவேளை என்று பிரித்துப் பாருங்கள். ஒரே கிழமையில் குவிந்தால் அன்றைக்கு என்ன தேர்வு, யார் வகுப்பு என்று பாருங்கள். தொடர்ந்து இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் காலை வீட்டுக்கு ஒரு போன், 'நீ இல்லாதது தெரிந்தது' என்ற தொனியில். அந்த போன் சொல்லும் செய்தியை எந்த மெடலும் சொல்லாது.

பரிசு என்றாலே கேடு என்று சொல்ல வரவில்லை. எங்கே கேடு, எங்கே உதவி என்பது ஓரளவு தெளிவாகவே தெரியும். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் 1973-இல் வெளியிட்ட சோதனை இதில் முதன்மையானது. ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதை ஏற்கெனவே விரும்பிய மழலையர் பள்ளிக் குழந்தைகள். ஒரு பிரிவிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் உண்டு என்று முன்னமே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்கு வரைந்து முடித்தபின் அதே சான்றிதழை எதிர்பாராமல் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாத ஓய்வு நேரத்தில் யார் எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று கவனித்தார்கள். முன்னமே பரிசு சொல்லப்பட்ட குழந்தைகள் மற்ற இரு பிரிவினரும் வரைந்ததில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். 'பிடித்ததால் வரைகிறேன்' என்பது 'சான்றிதழுக்காக வரைந்தேன்' என்று மாறிவிட்டது. சான்றிதழ் இல்லை, அப்புறம் எதற்கு வரைய வேண்டும்?

ஆக, பிள்ளை ஏற்கெனவே விரும்பிச் செய்வதற்கு 'இதைச் செய்தால் இது' என்று முன்கூட்டியே பரிசு வைப்பதுதான் ஆபத்தான கூட்டு. ஆர்வமே இல்லாத, சலிப்பான பயிற்சி வேலைக்கு (வாய்ப்பாடு, எழுத்துப் பிழை திருத்தம் மாதிரி) சின்னப் பரிசு வைத்தால் இழப்பதற்கு ஆர்வம் அங்கே இல்லை. பழக்கம் வரும்வரை வைத்து, பிறகு மெல்ல எடுத்துவிடலாம். வாசிப்பை நேசிக்கும் பிள்ளைக்கு 'அதிகப் புத்தகம் படித்தவர்' பரிசு வைக்காதீர்கள். அடுத்த மாதமே அது ஒல்லியான புத்தகங்களைத் தேடி எடுக்கும்.

மார்க்குக்குப் பரிசு வைப்பதா, செயலுக்கா என்ற கேள்விக்கும் ரோலண்ட் ஃபிரையர் என்ற பொருளியலாளர் அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் நடத்தி 2011-இல் வெளியிட்ட சோதனைகள் பதில் தருகின்றன. டாலஸ் நகரில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஒரு புத்தகம் படித்து அதைப் பற்றிய சிறு தேர்வில் தேறினால் 2 டாலர். வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் கூடியது. நியூயார்க்கில் தேர்வு மதிப்பெண்ணுக்கும் சிகாகோவில் பாட கிரேடுக்கும் பணம் கொடுத்தார்கள். தேர்வில் முன்னேற்றம் தெரியவில்லை. பிள்ளைகளுக்குப் பணத்தின் மேல் ஆசை இல்லாமல் இல்லை. மார்க்கைக் கூட்ட என்ன செய்வாய் என்று கேட்டபோது, 'கேள்வியை ஒழுங்காகப் படிப்பேன்' என்பது போன்ற தேர்வறைத் தந்திரங்களைத்தான் சொன்னார்கள். தினம் என்ன செய்ய வேண்டும், யாரிடம் சந்தேகம் கேட்க வேண்டும் என்று சொல்லத் தெரியவில்லை. முதல் ரேங்குக்கு மெடல் என்று அறிவிப்பதும் இதே நிலைதான். முப்பதாவது இடத்தில் இருக்கும் பிள்ளைக்கு அடுத்த திங்கட்கிழமை என்ன செய்வது என்று அது சொல்வதில்லை.

இதை வைத்து உங்கள் பட்டியலுக்கு வருவோம். ரேங்க் பரிசை ஒரேயடியாக நீக்கினால் பெற்றோர் கூட்டத்தில் உங்களைத்தான் பிடிப்பார்கள். அதை வைத்துக்கொண்டே, மேடையில் அதன் பங்கைக் குறையுங்கள்: ஒரு பிள்ளைக்கு ஒரு முறைதான் மேடை, மற்ற சான்றிதழ்களை உறையில் சேர்த்துத் தந்துவிடலாம். அப்படி மிச்சமாகும் இடத்தில், எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லாத பரிசு ஒன்றைக் கொண்டுவாருங்கள். வகுப்பில் எத்தனை பேர் அந்த வரம்பைத் தொடுகிறார்களோ அத்தனை பேருக்கும் உண்டு. மூன்று பேராகவும் இருக்கலாம், இருபது பேராகவும் இருக்கலாம். வரம்பு பிள்ளையின் கையில் இருக்கும் செயலாக, ஆண்டின் தொடக்கத்திலேயே சுவரில் ஒட்டப்பட்டதாக இருக்க வேண்டும். அறிவியலுக்கு ஓர் உதாரணம்: தானே எழுப்பிய ஒரு கேள்வி, அதற்கு ஒரு சோதனை, சோதனை சரியாக வராதபோது என்ன மாற்றினேன் என்று குறைந்தது இரண்டு பதிவு, முடிவை வகுப்புத் தோழன் ஒருவனுக்கு விளக்கி, அவன் கேட்ட கேள்வியையும் எழுதிச் சேர்ப்பது.

இதில் கோளாறு எங்கே வரும் என்றும் சொல்லிவிடுகிறேன். 'இரண்டு திருத்தம் வேண்டும்' என்றதும் சில பிள்ளைகள் முதலிலேயே சரியாகச் செய்துவிட்டு, பிறகு உட்கார்ந்து தவறான வரைவைத் 'தயாரிப்பார்கள்'. பெற்றோர் உதவினால் அது இன்னும் அழகாக இருக்கும். எனவே திருத்தங்கள் வகுப்பு நேரத்தில், அதே நோட்டில் நடக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் நீங்கள் தேதி போட்டு இனிஷியல் இட வேண்டும். அழிப்பான் கூடாது, ஒற்றைக் கோடு போட்டு அடிக்க வேண்டும். 40 பேருக்கு வாரம் எட்டுப் பேர் என்று சுற்றினால் ஐந்து வாரத்தில் ஒரு சுற்று முடியும்.

எல்லாருக்கும் ஏதாவது ஒரு பரிசு கொடுத்துவிடலாமே என்று ஸ்டாஃப் ரூமில் யாராவது சொல்வார்கள். ஏழெட்டு வயதிலேயே பிள்ளைகள் தங்களை மற்றவர்களோடு ஒப்பிட ஆரம்பித்துவிடுகிறார்கள்; 'சிறந்த புன்னகை' விருது ஆறுதலுக்குத் தரப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியும். எளிதான ஒன்றுக்கு அளவுக்கு மீறிப் பாராட்டினால், 'என்னிடம் இவ்வளவுதான் எதிர்பார்க்கிறார்கள்' என்று பெரிய பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். பாராட்டே அவமானமாகிவிடும்.

'அதிக முன்னேற்றம்' பரிசு கேட்க நன்றாக இருக்கும், ஆனால் இரண்டு தேர்வுகளின் வித்தியாசத்தை வைத்துக் கொடுத்தால் அது பெரும்பாலும் தற்செயலுக்குப் போகும் பரிசு. முதல் தேர்வு அன்று உடம்பு சரியில்லாமல் 32 வாங்கிய பிள்ளை அடுத்ததில் 61 வாங்கினால் 29 மார்க் 'முன்னேற்றம்'. 58-லிருந்து ஒவ்வொரு தேர்விலும் நாலு நாலாக ஏறி 66-க்கு வந்த பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அசாதாரணமாகக் குறைந்த மார்க்குக்கு அடுத்து வருவது பொதுவாகக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், ஆண்டின் முதல் மூன்று தேர்வுகளின் நடு மதிப்பெண்ணையும் (மூன்றையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) கடைசி மூன்றின் நடு மதிப்பெண்ணையும் ஒப்பிடுங்கள்.

சான்றிதழில் என்ன எழுதுகிறீர்கள் என்பதில் அரை மணி நேரம் செலவிடுவது வீணாகாது. 'அறிவியலில் சிறந்து விளங்கியமைக்காக' என்ற வரியில் பிள்ளை திரும்பச் செய்யக்கூடிய எதுவுமே இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: 'ஊசல் சோதனையில் நூலின் நீளத்தை மாற்றாமல் குண்டை மட்டும் மாற்றி மாற்றி அளந்து, அலைவு நேரம் குண்டின் எடையைப் பொறுத்ததல்ல என்று கண்டதற்காக, முதல் அளவுகள் ஒன்றுக்கொன்று ஒட்டாதபோது ஒரு அலைவுக்குப் பதில் இருபது அலைவுகளை எண்ணிக் கணக்கிடலாம் என்று தானே யோசித்ததற்காக.' இதை மேடையில் முழுதாகப் படிக்க வேண்டும். கீழே உட்கார்ந்திருப்பவன் 'ஓ, இதற்கெல்லாம் பரிசா, இது நானும் செய்யலாமே' என்று நினைப்பது அப்போதுதான். 'மாணவர்களின் பெயர்களை வேகமாகப் படியுங்கள், விருந்தினருக்கு நேரமில்லை' என்று சொல்லப்படும் விழாக்களில் இது நடக்காது. அப்படியானால் விருந்தினர் உரையைத்தான் குறைக்க வேண்டும். விருந்தினரிடம் முன்கூட்டியே ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்துவிடுங்கள்: 'இங்கே பரிசு வாங்கியவர்களே நாளைய தலைவர்கள்' என்ற வகை வாக்கியங்கள் வேண்டாம் என்று. எழுபது பெயர்கள் வாசிக்கப்பட்ட அரங்கில் எழுநூறு பேருக்கு அது வேறு மாதிரி கேட்கும்.

மார்க்கையும் ஆசிரியர் எழுதும் குறிப்பையும் சேர்த்துக் கொடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகளின் ஆர்வமும் செயல்திறனும் உயர்ந்தன. மார்க்கும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்கள் மார்க் மட்டும் பெற்றவர்களைப் போலவே இருந்தார்கள். எண் கண்ணில் பட்டால் எழுத்து படிக்கப்படுவதில்லை. எனவே இந்தச் சான்றிதழில் மார்க்கோ இடமோ குறிப்பிடாதீர்கள்.

ஜெயித்த பிள்ளைகளையும் மறந்துவிடக் கூடாது. பரிசு அவர்களுக்கும் ஒரு நம்பிக்கையைக் கொடுக்கிறது, சில நேரம் மோசமானதை. கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வுகளில், 'நீ புத்திசாலி' என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், 'நன்றாக உழைத்திருக்கிறாய்' என்று பாராட்டப்பட்டவர்களைவிட எளிய புதிர்களையே அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். கடினமான புதிரில் தோற்றதும் துவண்டார்கள். தங்கள் மார்க்கை மற்றவர்களிடம் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில் அதிகம். உங்கள் முதல் ரேங்க் மாணவி 'இது பரீட்சைக்கு வருமா மிஸ்?' என்று மட்டுமே கேட்பவளாக இருந்தால், பரிசு அவளுக்கும் கல்வியைச் சுருக்கித்தான் காட்டியிருக்கிறது.

எப்போது கொடுப்பது என்பது எளிய விஷயம்: சீக்கிரம். சிகாகோ பகுதிப் பள்ளிகளில் நடந்த சோதனைகளில், தேர்வு முடிந்த கையோடு தருவதாகச் சொன்ன பரிசு வேலை செய்தது. ஒரு மாதம் கழித்து என்றதும் பலன் மறைந்தது. சின்ன வகுப்புகளில் மலிவான ஒரு கோப்பையே பணத்துக்கு ஈடாக இருந்தது. ஆண்டு விழா வரை காத்திருக்காமல் அந்தச் சுற்று முடிந்த வாரமே வகுப்பிலேயே சான்றிதழைக் கொடுத்துவிடுங்கள். விழாவன்று அரங்க வாசலில் நீள மேசை போட்டு, அடித்தல் திருத்தலோடு அந்த நோட்டுகளையே திறந்து வையுங்கள். பெற்றோர் கோப்பையைப் பார்ப்பதைவிட நோட்டைப் பார்ப்பது வீட்டுப் பேச்சை மாற்றும்.

அந்தப் பையனிடம் பரிசைப் பற்றிப் பேசாதீர்கள். 'உனக்கும் ஒருநாள் கிடைக்கும்' என்றால் அவன் கணக்கையே நீங்களும் ஒத்துக்கொண்டதாகிவிடும். 'படிப்பு பின்னால் எவ்வளவு உதவும் தெரியுமா' என்ற உரையும் வேண்டாம். தன்மேல் நம்பிக்கை குறைந்த பிள்ளைக்குப் பெரியவர்கள் நேரடியாகச் சொல்லும் பயன் பல நேரம் மிரட்டலாகத்தான் கேட்கும். அவனே கண்டுபிடிக்க வேண்டும். கிறிஸ் ஹல்லமன், ஜூடித் ஹராக்கிவிச் இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பதாம் வகுப்பு அறிவியல் மாணவர்களில் ஒரு பிரிவினர் பாடத்தைச் சுருக்கி எழுதினார்கள். இன்னொரு பிரிவினர் பாடத்துக்கும் தங்கள் வாழ்க்கைக்கும் என்ன தொடர்பு என்று எழுதினார்கள். தன்னால் முடியாது என்று நினைத்த பிள்ளைகளிடம் இரண்டாவது வகை எழுத்து ஆர்வத்தையும் மதிப்பெண்ணையும் கூட்டியது. ஏற்கெனவே நம்பிக்கையோடு இருந்தவர்களுக்கு வித்தியாசம் இல்லை.

எனவே முழு வகுப்புக்கும், அவனைத் தனித்துக் காட்டாமல், மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை ஒரு பக்கம்: 'இந்தப் பாடத்தில் ஒரு விஷயத்தை எடுத்து, அது உனக்கோ உனக்குத் தெரிந்த ஒருவருக்கோ எங்கே பயன்படும் என்று அந்த ஆளிடம் சொல்வது போல எழுது.' மார்க் கிடையாது. எழுத்துப் பிழையில் சிவப்பு மை கூடாது. நீங்கள் ஓரத்தில் ஒரு கேள்வி மட்டும் எழுதித் திருப்பிக் கொடுங்கள். அவன் முதல் முறை இரண்டே வரி எழுதுவான், அல்லது 'எதுவும் இல்லை' என்பான். அதையும் வாங்கிக்கொண்டு கேள்வி எழுதுங்கள். வகுப்பில் அவன் கேட்ட கேள்வி ஒன்றை அடுத்த பாடத்தின் தொடக்கமாக வைத்து, 'போன வாரம் கேட்ட கேள்வி இது' என்று பெயர் சொல்லித் தொடங்கினால், வீட்டுப்பாடத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லாமலே பாதி வழி வந்துவிடுவான். வீட்டுப்பாடத்தை முழுதாகக் கேட்காதீர்கள்; பத்துக் கேள்வியில் அவனே தேர்ந்தெடுக்கும் மூன்று, இரண்டு வாரத்துக்கு. அப்படியும் எதிலுமே அக்கறை இல்லாமல், நண்பர்களிடமிருந்தும் விலகி, தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால், இது பரிசு சம்பந்தப்பட்டதல்ல; பெற்றோரையும் ஆலோசகரையும் அழைக்க வேண்டிய விஷயம்.

கடைசியாக, முன்னாள் மாணவர்கள் நிதி வைத்த பரிசுகள். பெயரை மாற்ற வேண்டாம், யாருக்கும் மனம் வராது. நிபந்தனைக் கடிதத்தை அலுவலகத்தில் தேடி எடுத்துப் பாருங்கள். 'முதல் மதிப்பெண்' என்று எழுதியிருக்கிறதா, 'சிறந்த மாணவர்' என்று மட்டும் இருக்கிறதா என்று. பின்னது என்றால் அளவுகோலை முடிவு செய்யும் உரிமை பள்ளியிடமே இருக்கக்கூடும். குழுவில் தீர்மானம் எழுதி, கொடையாளருக்குத் தெரிவித்தால் போதும். முன்னது என்றால் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: கடந்த மூன்று ஆண்டுகளில் அந்தப் பரிசு எத்தனை பேருக்குப் போனது, அதே பிள்ளைகள் வேறு எத்தனை பரிசு வாங்கினார்கள், புதிய அளவுகோல் என்ன, மாதிரிச் சான்றிதழ் ஒன்று. பரிசுத் தொகை பணமாக இருந்தால், அதைப் புத்தகமாகவோ சோதனைக் கருவியாகவோ வகுப்புக்கே தரலாமா என்றும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். விழாவுக்கு இரண்டு மாதம் முன்பாவது அனுப்ப வேண்டும். கடைசி வாரத்தில் போனால், அச்சுக்குப் போய்விட்டது என்று சொல்லிப் பழைய பட்டியலையே வாசித்துவிடுவார்கள்.